விளக்கேற்றாத திறப்பு விழா

குழித்துறை
06.08.2024

அன்புள்ள அஜிதாவுக்கு,

இன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். நம் குழித்துறைப் பயிற்சிப் பட்டறையில் மூன்று ஏசிகளின் கேஸ் காற்றில் திறந்துவிடப்பட்டது. பதினெட்டு மாணவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவன் நோட்டில் எழுதியும் கொண்டான்: "முதல் வேலை, வால்வைத் திறந்து கேஸை விட வேண்டும்."

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எதுவானாலும் எழுதித் தா என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன். ஆபீஸ் ஜீப் ஓட்டும் ஜிபின் அண்ணன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

கேஸை விட்டவர் பொன்னுலிங்கம் சார். என்னைவிட மூத்த பயிற்றுநர், அதனால் மாணவர்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வகுப்பு முடிந்ததும் கேட்டேன். இது பழைய ஆர்-22 கேஸ், ஒரு கிலோ வெளியே போனால் ஆயிரத்தெண்ணூறு கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம், இதை உறிஞ்சி சிலிண்டரில் பிடித்துவைக்கத்தானே ரிகவரி மெஷின் வாங்கினோம் என்றேன். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மக்கா, நீ பொறக்கதுக்கு முன்னயே நான் கேஸ் விட்டவன். ஒரு காக்கா செத்துதா? ஆத்துக் காத்து கொண்டு போயிரும். சவத்த விடு, சாயா குடிக்க வாறியா?"

நான் போகவில்லை. இனி அவரோடு பேச எனக்கு ஒன்றுமில்லை.

அந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று உனக்கே தெரியும். கோட்டாறு தலைமை அலுவலகத்தின் முன்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், "எங்கள் பசுமைப் பயணம்" என்ற பலகைக்குக் கீழே நிற்கிறது. வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். பெட்டிக்குப் பூட்டு. சாவி தாளாளர் ததேயுஸ் அய்யாவிடம். அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆளான எனக்குக் கண்ணாடி வழியாகத் தரிசனம் மட்டும்.

சோலார் பலகைகளையும் பார்த்தேன். மெயின் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று வடக்கு பார்த்து நன்றாகச் சரித்து வைத்திருக்கிறார்கள். வருஷத்தில் பாதிக்கு மேல் சூரியனுக்கு முதுகு, பஸ் பயணிகளுக்கு முகம். யார் இதற்குக் கையெழுத்துப் போட்டது? நீயா?

நான் துபாயில் நல்ல வேலையில் இருந்தேன். "நாலு பயிற்சி நிலையத்துக்கும் பசுமைத் திட்டப் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். பலகை வைக்கிற பசுமை வேண்டாம், வேலை செய்கிற கையையே மாற்றலாம், நீ வா" என்று எனக்கு எழுதியவள் நீ. பாலிடெக்னிக்கில் என் பக்கத்து மேசையில் இருந்தவள் எழுதியதால் நம்பினேன், வந்தேன். வந்து பார்த்தால் கை அப்படியேதான் இருக்கிறது. பலகை மட்டும் புதிது.

மெஷினை அனுப்பு. வேறொன்றும் கேட்கவில்லை.

அம்மா உன்னை விசாரித்தாள்.

இப்போதும் நண்பன்தான்,
ரிஜோ


கோட்டாறு
12.08.2024

அன்புள்ள ரிஜோ,

ஜிபின் அண்ணன் உன் கடிதத்தை நீட்டும்போதே "சூடா இருக்கு மோளே, பாத்துப் பிடி" என்றார். உன் முகத்தைப் பார்த்திருப்பார்.

ஞாயிறன்று கடியபட்டணம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். செசிலி அம்மா நெத்திலிக் கருவாடு ஒரு பொதி கட்டித் தந்தார்கள். "அவன் அங்க ஹாஸ்டல் சோத்தத் தின்னுட்டு யாருட்ட சண்டை போட்டுட்டு கெடக்கான்?" என்று கேட்டார்கள். என்னிடம்தான் என்று சொல்லவில்லை.

சோலார் பலகைக்குக் கையெழுத்துப் போட்டது நான் இல்லை. நான் பொறுப்பேற்பதற்கு முன்பே அது அங்கே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மெஷினுக்கு வருகிறேன். நவம்பரில் பசுமைப் பயிற்சி நிலைய விருதுக்கான குழு வருகிறது. விருது கிடைத்தால் குழித்துறைப் பட்டறைக்கு மூன்று வருட நிதி. கிடைக்காவிட்டால் ஏசி மெக்கானிக் படிப்பை நிறுத்திவிட்டு அந்தக் கட்டடத்தைக் கல்யாண மண்டபமாக்குவது என்று அறக்கட்டளைக் கூட்டத்தில் பேசி வைத்திருக்கிறார்கள். சமையல்கட்டு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது வரைக்கும் பேசியாயிற்று. இது உனக்குத் தெரியாது. நீ கேட்கவும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர எல்லாரும் என் அப்பா வயது. முதல் வருடம் நான் பேச எழுந்தபோதெல்லாம் "சாயா சொல்லியாச்சா மோளே" என்றார்கள். அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் பிளாஸ்டிக் பேனரை நிறுத்தினேன். கைகழுவும் தண்ணீரை வாழைக்குத் திருப்பினேன். தையல் பிரிவில் வெட்டி எறிந்த துணியைப் பையாக்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் மாதக் கணக்கில் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. உன்னால் ஒரு மணி நேரம் சிரிக்க முடியுமா?

உனக்குப் பிடிக்கும் என்று ஒரு காரியம் செய்திருக்கிறேன். பழைய ஏசிகளைக் கழித்துவிட்டு, ஆர்-290 கேஸில் ஓடும் புதிய பயிற்சி ஏசிகளுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டேன். வானத்துக்குக் கேடு செய்யாத கேஸ் என்று நீதானே சொன்னாய். அதற்கென்றே ஒரு "பசுமை ஆய்வகம்" தயாராகிறது. குளிர் வெளியே போகாமல் மின்சாரம் மிச்சமாக, ஜன்னல்களை எடுத்துவிட்டு முழுக் கண்ணாடி பதிக்கிறார்கள். குழு வரும் நாளில் திறப்பு விழா.

நவம்பர் வரை பொறு. அது முடிந்ததும் கண்ணாடிப் பெட்டியை நானே திறந்து தருகிறேன்.

அன்புடன்,
அஜிதா


குழித்துறை
14.10.2024

அஜிதாவுக்கு,

ஏசிகள் வந்தன. ஆய்வகமும் தயார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

ஆர்-290 என்பது புரொப்பேன். வீட்டில் சமைக்கிற கேஸின் கூடப்பிறப்பு. கசிந்தால் தெரிய வேண்டும் என்று சமையல் கேஸில் நாற்றம் சேர்த்திருப்பார்கள். இதில் சேர்க்க மாட்டார்கள். மூக்கை வைத்து முகர்ந்தாலும் ஒன்றும் தெரியாது. காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். பழைய கேஸ் வானத்துக்குக் கேடு. புதிய கேஸ் வானத்துக்கு நல்லது, மூடிய அறைக்குள் விட்டால் நமக்குக் கேடு.

நீ கட்டியிருப்பது மூடிய அறை. திறக்க ஒரு ஜன்னல்கூட இல்லை. தரையில் கேபிள் போவதற்கு நீளமாகப் பள்ளம் வெட்டி, மேலே சல்லடைத் தகடு போட்டிருக்கிறார்கள். கேஸ் வந்து தங்குவதற்கு அதைவிட நல்ல இடம் நானே கட்டியிருக்க மாட்டேன். இந்த அறைக்குள், முப்பது வருடமாக வால்வைத் திறந்து கேஸை விட்டே பழகிய கைகளை அனுப்பப் போகிறாய். கேஸை மாற்றிவிட்டாய். கையை மாற்றவில்லை. முதலில் மாற்ற வேண்டியது எது என்று எனக்கு எழுதியவள் நீதான்.

வேண்டியது இவ்வளவுதான். தரை மட்டத்தில் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி. திறக்கிற ஜன்னல். கேஸை வெட்டவெளிக்குக் கொண்டுபோகும் குழாய். கசிந்தால் கத்தும் கருவி ஒன்று. கருவியை என் காசில் வாங்கிவிட்டேன், சட்டைப் பையில் கிடக்கிறது. மற்றது உங்கள் பாடு.

அதுவரை அந்த அறையில் வகுப்பு கிடையாது. பூட்டிவிட்டேன். அங்கே ததேயுஸ் அய்யாவிடம் ஒரு சாவி, இங்கே என்னிடம் ஒரு சாவி. சரியாகிவிட்டது.

ரிஜோ
பயிற்றுநர்


கோட்டாறு
11.11.2024

அன்புள்ள ரிஜோ,

"அன்புள்ள" என்ற சொல்லை விட்டுவிட்டு, கீழே "பயிற்றுநர்" என்று பதவி போட்டு எழுதியிருந்தாய். எனக்கு யார் எழுதியது என்று தெரியாது பார்.

நீ கேட்டதையெல்லாம் கூட்டத்தில் வைத்தேன். மின்விசிறிக்கும் ஜன்னலுக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆனால் குழு வந்துபோன பிறகுதான் வேலை. புதிதாகப் பதித்த கண்ணாடியில் "ஆற்றல் சேமிப்பு" என்று ஸ்டிக்கர் ஒட்டி முடித்தாயிற்று, இப்போது அதைப் பெயர்த்தால் விருதே போய்விடும் என்கிறார் ததேயுஸ் அய்யா. என்னால் முடிந்தது இது. உனக்குப் போதாது என்று தெரியும்.

21ஆம் தேதி வியாழக்கிழமை திறப்பு விழா. விளக்கேற்றுவது, பிறகு ஒரு ஏசியில் கேஸ் நிரப்பிக் காட்டுவது, பத்து நிமிடம். நீ வகுப்பெடுக்காவிட்டால் பொன்னுலிங்கம் சார் எடுப்பார். சாவியை ஜிபின் அண்ணனிடம் கொடுத்தனுப்பு.

பத்து நிமிடம் எனக்காகப் பொறுத்துக்கொள். அதன் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. மழை விட்டால் வேட்டி கட்டிக்கொண்டு வா, போட்டோவில் நீயும் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அஜிதா


குழித்துறை
22.11.2024

அஜிதாவுக்கு,

சாவியைக் கொடுத்தேன். உனக்காக நான் பொறுத்துக்கொண்ட ஒரே காரியம் அதுதான். இனி ஜென்மத்துக்கும் கிடையாது.

நேற்று நடந்ததற்கு உன்னிடம் அறிக்கை கேட்பார்கள். நீ முன்னால் நின்றாய், நான் பின்னால் நின்றேன். எனக்குத் தெரிந்ததை நீ பார்த்திருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

காலையில் பொன்னுலிங்கம் சார் ஏசிகளைத் தயார் செய்தார். கேஸ் நிரப்புவதைக் குழுவுக்குக் காட்ட வேண்டும், அதற்கு ஏசி காலியாக இருக்க வேண்டும். வழக்கம் போல வால்வைத் திறந்துவிட்டார். ஒன்றுக்கு இரண்டு இருக்கட்டும் என்று பக்கத்து ஏசியையும் காலி செய்தார். கதவு சாத்தியிருந்தது. குழாயும் இல்லை, மின்விசிறியும் இல்லை. இதை அவரே என்னிடம் சொன்னார், ஒளிக்கவில்லை. ஆனால் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு.

பிறகு விளக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்கு, இரண்டடிதான் உயரம். பின்னால் துணி பேனர் தெரிய வேண்டும் என்பதற்காக அதை வைத்த இடம், கேபிள் பள்ளத்தின் சல்லடைத் தகட்டுக்குப் பக்கத்தில். நீங்கள் எல்லாரும் உள்ளே வந்தீர்கள். நான் வந்தவுடன் குனிந்து கருவியைப் பள்ளத்துக்கு மேல் பிடித்தேன். கத்த ஆரம்பித்தது. ததேயுஸ் அய்யா திரும்பிப் பார்த்து, "யாருடைய போன் அது? அணைத்து வையுங்கள்" என்றார். கூட்டம் சிரித்தது. தையல் பிரிவு ஸ்மிதா டீச்சர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார், "சார், போன், சார், போன்" என்று.

அப்போது நீ விருந்தினருக்கு மெழுகுவர்த்தி கொளுத்திக் கொடுக்கத் தீப்பெட்டியைத் திறந்தாய். குச்சியை எடுத்தாய். கொளுத்திவிட்டுக் குச்சியை எங்கே போடுவாய் அஜிதா? கீழேதான் போடுவாய். எல்லாரும் கீழேதான் போடுவார்கள்.

மூன்று பேரைத் தள்ளிவிட்டு வந்து உன் மணிக்கட்டைப் பிடித்தேன். "கொளுத்தாத ஏட்டி" என்று கத்தினேன். வேறெதுவும் வாயில் வரவில்லை. பிறகு யாரும் சுவிட்சைத் தொடாதீர்கள், வெளியே போங்கள் என்று விரட்டினேன். ஸ்பேனரால் கண்ணாடியை உடைத்தேன், ஸ்டிக்கரோடு சேர்த்து.

குழு மழையில் நின்றது. கண்ணாடி போன பிறகு, காற்று நன்றாக அடித்துப் போன பிறகு, ததேயுஸ் அய்யா கருவியைக் கேட்டு வாங்கித் தானே உள்ளே போய்ப் பிடித்துப் பார்த்தார். அது கத்தவில்லை. "பாத்தியளா, ஒண்ணுமே இல்ல. வாசம்கூட இல்ல" என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை, அதனால் ஒன்றும் இருக்கவில்லை. நடந்திருந்தால் இந்நேரம் எல்லாரும் என்னை நம்பியிருப்பார்கள். நம்புவதற்கு எத்தனை பேர் மிச்சமிருந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நீயாவது சொல்வாய் என்று திரும்பிப் பார்த்தேன். மழையில் நின்றுகொண்டு கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ரிஜோ


கோட்டாறு
25.11.2024

ரிஜோ,

கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் ரத்தம் வந்துகொண்டிருந்தது. நீ பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் மூன்றும் நொறுங்கின. அதை நீ எழுதவில்லை. ஸ்பேனரை எழுதினாய், ஸ்டிக்கரை எழுதினாய்.

அந்தக் கட்டடத்தில் "மோளே" என்பது "மேடம்" ஆவதற்கு எனக்கு நாலு வருடம் ஆயிற்று. நீ எல்லார் முன்னாலும் "ஏட்டி" என்றாய். மறுநாள் அலுவலகத்தில் சாயா வந்ததா என்று மறுபடி என்னைத்தான் கேட்டார்கள்.

இதோடு உன் பணியிடை நீக்கக் கடிதம் இருக்கிறது. தற்காலிகம் என்று போட்டிருக்கிறார்கள். டிசம்பர் 2, திங்கட்கிழமை, நான் ததேயுஸ் அய்யாவிடம் அறிக்கை தர வேண்டும். அவரே எழுதி வைத்திருக்கிறார்: "ஆய்வகத்தில் எந்தக் கேஸ் கசிவும் இல்லை, பயிற்றுநரின் பதற்றமே காரணம்." நான் கையெழுத்துப் போட்டால், விருதுக் குழுவை இன்னொரு நாள் வரவழைக்கலாம் என்கிறார். நீ ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினால் உன்னையும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். படிப்பும் நிற்காது. எல்லாருக்கும் நல்லது. அப்படித்தான் சொல்கிறார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நேற்று பொன்னுலிங்கம் சார் மயிலாடியிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அந்தக் கேஸ் தீப் பத்துமா மோளே? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல்லியே" என்றார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பக்கம் பக்கமாக எழுதினாய். தினமும் ஒரே பட்டறையில் உன்னோடு நின்றவரிடம் ஏன் சொல்லவில்லை? சாயா குடிக்கக் கூப்பிட்டதற்குக் கோபித்துக்கொண்டு மூன்று மாதம் பேசாமல் இருந்தாயாமே. அவருக்குச் சொல்ல வேண்டியது என் வேலையும்தான், நானும் சொல்லவில்லை. நான் மெஷினைக் கண்ணாடிக்குள் வைத்தேன். நீ தெரிந்ததைக் கவருக்குள் வைத்தாய். எனக்குத் தலைமை தாங்கத் தெரியவில்லை என்று நீ சொல்வதற்கு முன்னால் அதையும் யோசி.

கையெழுத்து இன்னும் போடவில்லை. ததேயுஸ் அய்யா ஒன்றுமில்லை என்கிறார். ஏசி விற்ற கடையில் கேட்டால் அவ்வளவு கேஸுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள். நீ மட்டும்தான் வேறு சொல்கிறாய்.

என்னிடம் மட்டும் சொல். பற்றியிருக்குமா?

அஜிதா


கடியபட்டணம்
27.11.2024

அன்புள்ள அஜிதாவுக்கு,

வீட்டில் இருக்கிறேன். அம்மா காரணம் கேட்டாள், சொன்னேன். "அந்தப் பிள்ளைக்க கைய ஒடச்சியாலே?" என்பதோடு விசாரணை முடிந்தது. எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை.

கோபம் தீரவில்லை. அந்த அறிக்கையை எழுதிய ஆளை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு, அதே அறையில் மறுபடி விளக்கை வைத்து, மறுபடி தீப்பெட்டியை உன்னிடமே நீட்டுவார்கள். அப்போது நான் பின்னால் நிற்க மாட்டேன்.

பொன்னுலிங்கம் சாரைப் பற்றி நீ எழுதியது உறைத்தது.

பற்றியிருக்குமா என்று கேட்டாய். எழுதிச் சொன்னால் நம்பக்கூடிய விஷயம் இல்லை இது. ஆகஸ்டிலிருந்து எழுதிப் பார்த்துவிட்டேன். அதனால் இனி செய்யப் போவது:

1. மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன்.

2. நாளை காலை மயிலாடி போய்ப் பொன்னுலிங்கம் சாரை அவர் வீட்டில் பார்ப்பேன். அன்று குடிக்காத சாயாவைக் குடிப்பேன். பிறகு புதிய கேஸைப் பற்றி முதலிலிருந்து சொல்வேன், அவர் கேட்கக் கேட்க. கத்த மாட்டேன்.

3. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, எங்கள் ஊர்க் கடற்கரையில், வெட்டவெளி மணலில், பாதியாக வெட்டிய இரும்பு டிரம்முக்குள் ஒரே ஒரு ஏசியில் பிடிக்கும் அளவு கேஸை விடுவோம். அன்று போனது அதைப் போல இரண்டு பங்கு. சார் சம்மதித்தால் வால்வை அவர் கையாலேயே திறக்கட்டும். மாணவர்கள் எல்லாரும் கயிற்றுக்கு அப்பால் நிற்பார்கள். தீயணைப்புக் கருவி இரண்டு கேட்டு வாங்கியிருக்கிறேன். நீள மூங்கில் நுனியில் நெருப்பு வைத்து நீட்டுவேன். உன் கேள்விக்குப் பதில் அங்கே கிடைக்கும்.

4. ததேயுஸ் அய்யாவுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வந்தால் நாற்காலி போடுவேன். போனை அணைத்து வைக்கச் சொல்வேன்.

5. அதைப் பார்த்த பிறகும் திங்கட்கிழமை நீ கையெழுத்துப் போட்டால், செவ்வாய்க்கிழமை துபாய் கம்பெனிக்குப் போன் செய்வேன். உன்னை யாரிடமும் குறை சொல்ல மாட்டேன். உனக்கு இனி எழுதவும் மாட்டேன்.

6. போடாவிட்டால், அன்றே கோட்டாறு வந்து அந்தக் கண்ணாடிப் பெட்டியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவேன். இந்தத் தடவை உடைக்க மாட்டேன்.

7. வளையல் வாங்கிவிட்டேன். கடைக்காரர் அளவு கேட்டார், விழித்தேன். இரண்டு அளவில் வாங்கியிருக்கிறேன், சேருகிறதை எடுத்துக்கொள். மன்னிப்பு இதற்கு மட்டும்தான்.

8. சனிக்கிழமை நீ தீப்பெட்டியைத் தொட வேண்டாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரிஜோ